எண் இல்லாமல் ஓடியவர்கள்: காம்ரேட்ஸ் நெடுந்தொலைவு ஓட்டத்தின் பதிவேடு குறித்த நிகழ்வு ஆய்வு

ஆய்வின் வரம்பு

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகருக்கும் டர்பன் துறைமுகத்துக்கும் இடையே நடைபெறும் காம்ரேட்ஸ் மாரத்தான் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளமுள்ள சாலை ஓட்டம். பெயரில் மாரத்தான் என்றிருந்தாலும் அதன் தொலைவு வழக்கமான மாரத்தானைப் போல இரு மடங்குக்கும் மேல். ஓராண்டு கடற்கரையை நோக்கி இறங்கியும் மறு ஆண்டு உள்நாட்டை நோக்கி ஏறியும் ஓடுவது வழக்கம். இந்த ஓட்டத்தின் வெற்றியாளர்களைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. இங்கு எடுத்துக்கொண்டிருப்பது ஒரே கேள்வி: 1921 முதல் 1975 வரை இந்த ஓட்டத்தின் பதிவேட்டில் யாருக்கு இடம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, அந்த முடிவை யார் எடுத்தார்கள், அதை மாற்ற ஏன் அவ்வளவு காலம் பிடித்தது?

அமைப்பின் முடிவுகளே ஆய்வின் பொருள் என்பதால், இதில் வரும் மனிதர்களைப் பெயரால் சுட்டாமல் அவர்களுடைய தொழிலாலும் ஓடிய ஆண்டாலும் சுட்டுகிறேன். ஒரே ஒரு விதிவிலக்கு இறுதிப் பகுதியில் வரும். அதற்கான காரணமும் அங்கேயே இருக்கிறது.

பின்னணி: சாலையும் அதன் இருபுறமும்

டர்பனில் கடல் மட்டத்தில் தொடங்கும் இந்தச் சாலை பைன்டவுன், போத்தாஸ் ஹில், டிரம்மண்ட், இன்சாங்கா, கேம்பர்டவுன் ஆகிய ஊர்களின் வழியே ஏறி, 800 மீட்டருக்கும் மேலான உயரத்தைத் தொட்டு, பாலி ஷார்ட்ஸ் என்ற செங்குத்தான கடைசி மேட்டைக் கடந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை அடைகிறது. 1921இல் இதன் பெரும்பகுதி மண்சாலை. சாலையின் ஒரு பக்கம் ‘ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு’ விரிந்து கிடக்கிறது. அங்கே ஜூலு மக்களின் ஊர்கள் உள்ளன. சாலையோர நிலங்களோ பெரும்பாலும் வெள்ளையர்களின் பண்ணைகளாக இருந்தன. 1913ஆம் ஆண்டின் நிலச் சட்டம் நாட்டின் நிலத்தில் சுமார் 7 விழுக்காட்டை மட்டுமே பெரும்பான்மையினரான கறுப்பின மக்களுக்கு விட்டுவைத்திருந்தது.

தமிழ் வாசகர்களுக்கு இந்நிலப்பகுதி முற்றிலும் அந்நியமானது அன்று. சென்னையிலிருந்து புறப்பட்ட முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் 1860 நவம்பரில் வந்து சேர்ந்தது டர்பனுக்குத்தான். 1911இல் அந்த முறை நிறுத்தப்படும்வரை நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் ரயில் பாதைகளுக்கும் கொண்டுவரப்பட்ட ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரில் தமிழர்களும் தெலுங்கர்களும் பெரும்பங்கினர். ஆகவே ஓட்டம் தொடங்கிய காலத்தில், சாலையின் இரு முனைகளிலும் அவர்களுடைய குடியிருப்புகளும் கோயில்களும் இருந்தன. பின்வரும் பக்கங்களில் ‘வெள்ளையரல்லாதோர்’ என்று வருமிடமெல்லாம் அவர்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

1921: விதி அமைந்த விதம்

ஓட்டத்தைத் தோற்றுவித்தவர் ஒரு ரயில் ஓட்டுநர். முதல் உலகப் போரில் காலாட்படை வீரராகக் கிழக்கு ஆப்பிரிக்காவில் 2,700 கிலோமீட்டர் அளவுக்கு நடந்து திரும்பியவர். போருக்கு முன் மேசை வேலை பார்த்தவர்கள்கூட அந்த நடையைத் தாங்கியிருக்கும்போது, பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள் இரு நகரங்களுக்கு இடையிலான தொலைவைத் தாங்க மாட்டார்களா என்பது அவருடைய வாதம். இறந்த தோழர்களுக்குக் கல்லில் நினைவுச்சின்னம் எழுப்புவதைவிட உடலால் நினைவுகூர்வதே தகும் என்று அவர் எண்ணினார். போர்த் தோழர்கள் சங்கத்திடம் 1918இல் அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் அதே மறுப்பே கிடைத்தது. 1921இல் சங்கம் இசைந்து, செலவுக்கென ஒரு பவுண்டு கொடுத்தது, அதையும் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு.

1921 மே 24 அன்று 34 பேர் ஓட்டத்தைத் தொடங்கினர். 12 மணி நேரக் காலக்கெடுவுக்குள் 16 பேர் முடித்தனர். முதலாமவர் எடுத்துக்கொண்ட நேரம் 8 மணி 59 நிமிடம்.

பங்கேற்கும் தகுதி வெள்ளையின ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. இது விவாதித்து எட்டிய முடிவாகத் தோன்றவில்லை. அந்தக் கால நேட்டாலில் கேள்வியே எழாத ஒரு வழக்கம், கேள்வி எழாமலேயே விதியாகிவிட்டது. ஆனால் ஓட்டத்தின் நோக்கத்தோடு ஒப்பிட்டால் அதில் ஒரு முரண் வெளிப்படையாகத் தெரிகிறது. நினைவுகூரப்பட்ட அதே போரில், 1917 பிப்ரவரி 21 அன்று மெண்டி என்ற கப்பல் ஆங்கிலக் கால்வாய்ப் பகுதியில் மூழ்கியபோது, தென்னாப்பிரிக்கத் தொழிலாளர் படையைச் சேர்ந்த 600க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் இறந்தனர். அப்படையின் கறுப்பினத்தவருக்குப் போர்ப் பதக்கம் வழங்கத் தென்னாப்பிரிக்க அரசு மறுத்தது. ஓட்டத்தின் பெயரில் உள்ள ‘காம்ரேட்ஸ்’, அதாவது ‘தோழர்கள்’, என்ற சொல் யாரை உள்ளடக்கியது என்பது ஓட்டம் தொடங்குவதற்கு முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தது.

இந்த ஆய்வுக்கு அடிப்படையான ஒரு விவரத்தை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். 1921இல் கலந்து ஓடுவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. பதிவேட்டைத் திறப்பதும் மூடுவதும் அமைப்பாளர்களின் கையில் இருந்தன.

1922–1927: குறையைச் சொல்ல ஓடிய விவசாயி

இரண்டாம் ஆண்டு டர்பனிலிருந்து மேல்நோக்கி ஓடியபோது வென்றவர், நேட்டாலின் தென்பகுதியில் ஹார்டிங் என்ற ஊருக்கு அருகே பண்ணை வைத்திருந்த 39 வயது விவசாயி. விளையாட்டுக்காக அவர் ஓட வரவில்லை. அவருடைய பண்ணையைச் சுற்றிய நிலத்தைக் கறுப்பின மக்களின் குடியேற்றத்துக்கு ஒதுக்க அரசு முனைந்தது. தன் பண்ணை மதிப்பிழந்துவிட்டதாகவும் அதற்கு இழப்பீடு வேண்டும் என்றும் அவர் எழுதிய மனுக்களுக்குப் பலன் கிட்டவில்லை. விவசாயியின் குரலை யாரும் கேட்பதில்லை, புகழ்பெற்ற விளையாட்டு வீரரின் குரலைக் கேட்பார்கள் என்று கணக்கிட்டுத்தான் அவர் பயிற்சியைத் தொடங்கினார். 1922இல் 8 மணி 40 நிமிடத்தில் வென்றார். 1923இல் கீழ்நோக்கிய ஓட்டத்தை 6 மணி 56 நிமிடத்தில் முடித்தார். ஈராண்டுகளுக்கு முன் அதே திசையில் முதலாமவர் எடுத்துக்கொண்ட நேரத்தைவிட இது இரண்டு மணி நேரம் குறைவு. 1924, 1925, 1927 ஆகிய ஆண்டுகளிலும் அவரே வென்றார்.

புகழ் வந்தது, இழப்பீடு வரவில்லை. அவர் பண்ணையைக் கைவிட்டு ரொடீசியாவுக்கு (இன்றைய ஜிம்பாப்வே) சென்றுவிட்டார். டிரம்மண்ட் அருகே சாலையோரப் பாறையில் அவர் உட்கார்ந்து இளைப்பாறியதாகச் சொல்லப்படும் ஒரு குடைவு இருக்கிறது. கடந்து செல்லும் ஓட்டக்காரர்கள் இன்றும் அங்கே ஒரு பூவை வைத்து வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இந்த ஓட்டத்தின் முதல் பெருவீரர் நில உரிமைக் குறையைச் சொல்வதற்காக ஓடியவர் என்பதை வழக்கமான வரலாறுகள் ஒரு சுவையான செய்தியாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றன. எனக்கு அதில் வேறொன்று தென்படுகிறது. அந்த நிலத் தகராறின் மறுபக்கத்தில் இருந்த மக்களுக்கும் குறைகள் இருந்தன, அவை அளவில் பன்மடங்கு பெரியவை. அவற்றைச் சொல்ல அவர்கள் இதே சாலையில் ஓட நினைத்திருந்தால், முதலில் அவர்களுக்கு, பதிவு பெற்ற ஓட்டக்காரர்கள் அணியும் எண் கிடைத்திருக்காது.

1923: மறுக்கப்பட்ட விண்ணப்பமும் கொடுக்கப்பட்ட பரிசும்

மூன்றாம் ஆண்டில் டர்பனைச் சேர்ந்த ஒரு தட்டச்சர் விண்ணப்பித்தார். பெண் என்பதால் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அவர் எண் இல்லாமலேயே ஓடி, 11 மணி 35 நிமிடத்தில், காலக்கெடுவுக்குள் முடித்தார். ஒலிம்பிக் போட்டியில் பெண்கள் 800 மீட்டர் ஓட அனுமதிக்கப்பட்டது அதற்கு ஐந்தாண்டுகள் கழித்து, 1928இல்தான். அதுவும் உடனே நிறுத்தப்பட்டு 1960 வரை திரும்பவில்லை.

அமைப்பாளர்கள் அவருக்குப் பதக்கம் தரவில்லை. பார்வையாளர்களும் உடன் ஓடியவர்களும் தங்களுக்குள் பணம் திரட்டி, வெள்ளித் தேநீர்க் கலத் தொகுதியையும் ஒரு பூக்கிண்ணத்தையும் அவருக்குப் பரிசளித்தனர். கவனிக்க வேண்டியது இதுதான்: அவரைச் சாலையிலிருந்து யாரும் அகற்றவில்லை. பொதுச் சாலையில் ஒருவர் ஓடுவதைத் தடுக்க அமைப்பாளர்களுக்கு வழியில்லை, விருப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர்களால் செய்ய முடிந்தது எழுதாமல் விடுவது ஒன்றே. அரங்கினுள் நடக்கும் போட்டிக்கும் சாலை ஓட்டத்துக்கும் உள்ள இந்த வேறுபாடுதான் அடுத்த ஐம்பது ஆண்டுகளின் போக்கை வகுத்தது.

1931 முதல் 1933 வரை இன்னொரு பெண் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஓடினார். மூன்றாம் ஆண்டில் அவருடைய நேரம் 9 மணி 31 நிமிடம். அதற்குள் காலக்கெடு 11 மணி நேரமாகக் குறைக்கப்பட்டிருந்தது (1928). அதற்குள்ளும் அவர் வசதியாகவே முடித்தார். உடல் தாங்காது என்ற வாதத்துக்கு இனி இடமில்லை. எனினும் விதி மாறவில்லை. ஒரு விதிக்குச் சொல்லப்படும் காரணம் பொய்த்த பிறகும் விதி நீடிக்குமானால், சொல்லப்பட்ட காரணம் உண்மையான காரணம் அன்று என்றே கொள்ள வேண்டும்.

1935: பதிவேட்டுக்கு வெளியே 9 மணி 30 நிமிடம்

1935இல் முதன்முறையாகக் கறுப்பினத்தவர் ஒருவர் முழுத் தொலைவையும் ஓடி முடித்தார். நேரம் 9 மணி 30 நிமிடம். அது பதிவாகவில்லை. நமக்கு அது தெரிந்திருப்பதற்குக் காரணம் ஓட்டத்தின் ஏடு அன்று, கண்டவர்களின் சாட்சியம்.

அமைப்பாளர்களிடம் அப்போதும் முடிவு எடுக்கும் உரிமை இருந்தது. நிறவெறிக் கொள்கையை முழக்கமாகக் கொண்ட தேசியக் கட்சி ஆட்சிக்கு வர இன்னும் 13 ஆண்டுகள் இருந்தன. 1921இல் கேள்வி எழவில்லை என்று சொல்லலாம். 1935இல் ஒருவர் ஓடி முடித்து, எல்லைக்கோட்டில் நின்று, அந்தக் கேள்வியை எழுப்பிவிட்டார். அதன் பிறகும் மௌனம் தொடர்ந்ததை வழக்கம் என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது, அது ஒரு முடிவு. ஆய்வுக்கு உட்பட்ட காலம் முழுவதிலும் மிகவும் மலிவாக மாற்றியிருக்கக்கூடிய தருணம் இது என்பது என் மதிப்பீடு.

1948–1974: முடிவு கைமாறுதல்

இரண்டாம் உலகப் போரினால் 1941 முதல் 1945 வரை ஓட்டம் நடைபெறவில்லை. 1948க்குப் பின் சூழல் வேறாயிற்று. குடியிருப்புப் பகுதிகளை இனவாரியாகப் பிரிக்கும் சட்டம் 1950இலும், பொது வசதிகளைப் பிரிக்கும் சட்டம் 1953இலும் வந்தன. 1956இல் உள்துறை அமைச்சர், வெள்ளையரும் வெள்ளையரல்லாதோரும் தத்தம் விளையாட்டுகளைத் தனித்தனியாகவே நடத்திக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தார். கலந்து விளையாடுவதை நேரடியாகத் தடை செய்யும் சட்டம் அப்போதும் இயற்றப்படவில்லை. தேவையும் இருக்கவில்லை, ஏனெனில் சுற்றியிருந்த சட்டங்களும் அனுமதிகளும் அந்த வேலையைச் செய்தன.

1921இல் ஒரு கூட்டத்தில் கையெழுத்திட்டு மாற்றியிருக்கக்கூடிய விதி இப்போது அரசின் கொள்கையோடு பிணைந்துவிட்டது. அமைப்பாளர்கள் மாற்ற விரும்பினாலும் இனி மேலிடத்து இசைவு வேண்டும்.

சாலையில் மட்டும் நிலைமை எதிர்த்திசையில் நகர்ந்தது. 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் எண் இல்லாமல் ஓடும் பெண்களும் கறுப்பினத்தவரும் பெருகினர். அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர்களும் கைதட்டியவர்களும் பிற ஓட்டக்காரர்களைப் போல அவர்களையும் நடத்தினர். இதே காலத்தில் இந்த ஓட்டம் ஒரு மரபை நிறுவியது: பத்து முறை வெற்றிகரமாக முடித்தவருக்கு அவருடைய எண் நிரந்தரமாக்கப்படும், பச்சை எண் எனப்படும் அது அவருக்கே உரியதாகிவிடும். சிலருக்கு வாழ்நாளுக்குப் பின்னும் எண் நிலைக்கும்படி செய்த அதே பதிவேடு, அவர்கள் பக்கத்திலேயே ஓடிய வேறு சிலருக்கு அன்றைய பொழுதுக்கும் ஓர் எண்ணைக் கொடுக்கவில்லை. இரண்டையும் ஒருசேரக் கண்டவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்திருப்பர்.

1975: பதிவேடு திறக்கப்படுதல்

1975இல் ஓட்டம் அனைத்து இனத்தவருக்கும் பெண்களுக்கும் ஒருசேரத் திறக்கப்பட்டது. லெசோத்தோவைச் சேர்ந்த ஒருவர் 20ஆவது இடத்தில் முடித்து, அதிகாரபூர்வமாகப் பதக்கம் பெற்ற முதல் கறுப்பினத்தவரானார். அடுத்த ஆண்டு கேப்டவுனில் நடக்கும் 56 கிலோமீட்டர் டூ ஓஷன்ஸ் ஓட்டத்தில் அவரே வென்றார். எண்ணோடு ஓடி முடித்த பெண்ணின் பெயரும் அந்த ஆண்டில்தான் காம்ரேட்ஸ் ஏட்டில் முதன்முறையாக ஏறியது. பாஸ்டன் மாரத்தானில் பெண்கள் அதிகாரபூர்வமாக ஓடத் தொடங்கி அப்போது மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.

இந்த முடிவுக்கான காரணங்களை நேர்மையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சாலையில் நடைமுறையாகிவிட்ட ஒன்றை ஏடு இனியும் மறைக்க முடியாத நிலை ஒரு காரணம். வெளியிலிருந்து வந்த நெருக்கடி இன்னொன்று. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிற்குத் தென்னாப்பிரிக்கா அழைக்கப்படவில்லை, 1970இல் ஒலிம்பிக் இயக்கத்திலிருந்தே நீக்கப்பட்டது. அதன்பின் அரசு ‘பல்தேசியப் போட்டி’ என்றொரு வகையை உருவாக்கி, நாட்டின் இனங்களைத் தனித்தனித் தேசங்களாகக் கருதி அவை ஒன்றோடொன்று போட்டியிடலாம் என்று இடைவெளி கொடுத்தது. ஆகவே 1975இன் திறப்பு ஒரே சமயத்தில் ஓட்டக்காரர்களின் வெற்றியாகவும், அரசுக்குத் தேவைப்பட்ட ஒரு காட்சியாகவும் அமைந்தது. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்வது பாதி உண்மையாகும்.

தொடர்ந்தவை

பதிவேடு திறந்ததும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 1976இல் உலகத் தடகளக் கூட்டமைப்பும் தென்னாப்பிரிக்காவை நீக்கியது. 1981இல் நிறவெறிக் குடியரசின் 20ஆம் ஆண்டு விழாவோடு ஓட்டத்தை இணைக்க அமைப்பாளர்கள் ஒப்புக்கொண்டனர். சிலர் ஓட்டத்தைப் புறக்கணித்தனர், சிலர் கையில் கறுப்புப் பட்டை அணிந்து ஓடினர். அவ்வாறு பட்டை அணிந்து, வழியில் எதிர்ப்பாளர்களின் வசையையும் வாங்கிக்கொண்ட ஒரு மாணவரே அந்த ஆண்டு வென்றார். பிற்பாடு மேலும் எட்டு முறை வென்றவரும் அவரே. கட்டுப்பாடு கைமாறிய பிறகு அதைத் திரும்பப் பெற வாய்ப்பு வந்தபோதும் அமைப்பாளர்கள் பெறவில்லை என்பதற்கு 1981 சான்று.

கறுப்பினத்தவர் ஒருவர் ஓட்டத்தை வெல்ல 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் ஓட்டத்திலிருந்து 68 ஆண்டுகள், பதிவேடு திறந்ததிலிருந்து 14 ஆண்டுகள். பயிற்சிக்கான நேரமும் காலணியும் உணவும் எண்ணோடு சேர்த்துக் கொடுக்கப்படுவதில்லை.

1994க்குப் பின், அதுவரை ஓட்டம் நடந்துவந்த பழைய குடியரசு தின விடுமுறை ஒழிந்ததால், ஓட்டம் ஜூன் 16க்கு மாற்றப்பட்டது. அது 1976 சோவெட்டோ எழுச்சியில் கொல்லப்பட்ட மாணவர்களை நினைவுகூரும் நாள். துயர நாளில் கொண்டாட்டமா என்று எதிர்ப்பு எழுந்து, 2007இல் அந்தத் தேதியிலிருந்தும் ஓட்டம் விலகியது. இம்முறை எதிர்ப்புக்குச் செவிகொடுக்கச் சுமார் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. முந்தைய கணக்கோடு ஒப்பிட்டால் முன்னேற்றம்தான்.

எதை வேறு விதமாகச் செய்திருக்கலாம்

முதலாவது, பதிவு செய்வதையும் பரிசளிப்பதையும் பிரித்திருக்க வேண்டும். பதக்கம் கொடுக்க மறுத்தாலும், எல்லைக்கோட்டைக் கடந்த ஒவ்வொருவரின் நேரத்தையும் தனி ஏட்டில் எழுதுவதற்கு எந்த ஆட்சியின் அனுமதியும் தேவைப்பட்டிருக்காது. நேரக் காப்பாளர்கள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தனர். அந்த ஏடு இல்லாததால், 1935க்கும் 1975க்கும் இடையில் எத்தனை பேர், எத்தனை முறை ஓடினார்கள் என்பதை முழுமையாக மீட்டெடுக்க இன்று வழியில்லை. தவறான விதியைப் பின்னால் திருத்தலாம், எழுதாமல் விட்டதைத் திருத்த முடியாது.

இரண்டாவது, 1935இலேயே விதியை எடுத்து விவாதித்திருக்க வேண்டும். அப்போது மாற்றியிருந்தால் 1948க்குப் பின் அரசு அதை மூட முயன்றிருக்கும் என்பது உண்மையே. ஆனால் நடப்பில் உள்ள ஒன்றை ஓர் அரசு வெளிப்படையாக மூடுவதும், ஏற்கெனவே மூடியிருப்பதைச் சத்தமின்றி அப்படியே வைத்திருப்பதும் ஒரே எளிமையுடைய செயல்கள் அல்ல.

மூன்றாவதற்கு இந்த ஓட்டத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. காலக்கெடு முடியும் நொடியில் ஓர் அதிகாரி, வந்துகொண்டிருக்கும் ஓட்டக்காரர்களுக்கு முதுகைக் காட்டி நின்றபடி துப்பாக்கியை வெடிக்கிறார். ஓர் அடி பின்னால் இருப்பவரின் முகத்தைப் பார்த்து மனம் இளகக் கூடாது என்பதற்காக. யார் வருகிறார் என்பதையே பார்க்காத அந்த நடைமுறையைப் பார்ப்பவர்களுக்குச் சில நேரம் அது கொடுமையாகத் தோன்றும். 1921 முதல் 1974 வரை தகுதியைத் தீர்மானித்தவர்களும் இதே போல, யார் வருகிறார் என்று பாராமல் முதுகைத் திருப்பிக்கொண்டு முடிவெடுத்திருக்க வேண்டும்.

பெயர் சொல்வதில்லை என்ற வரம்புக்கு விதிவிலக்கு இருப்பதாகத் தொடக்கத்தில் குறிப்பிட்டேன். 1935இல் ஓடியவரின் பெயர் ராபர்ட் ம்ட்ஷாலி. பிறர் பெயர்களையெல்லாம் ஏதாவதொரு ஏட்டில் எளிதில் பார்த்துக்கொள்ளலாம், அவருடையதை அவர் ஓடிய ஆண்டின் ஏட்டில் பார்க்க முடியாது. 2019 முதல், 9 மணி நேரத்துக்கு மேலும் 10 மணி நேரத்துக்குள்ளும் முடிப்பவர்களுக்கு அவர் பெயரால் ஒரு பதக்கம் வழங்கப்படுகிறது. அவர் ஓடிய 9 மணி 30 நிமிடம் அந்த இடைவெளியின் சரிபாதியில் விழுகிறது.